கேமராவுக்கு ஈஎம்ஐ கட்டுறோம், ஒரு டப்பா சிலிகா ஜெல் வாங்க மாட்டோமா?



போனஸ் வர்ற மாசம் ஆச்சுன்னா ஒரே மாதிரி கேள்வி வரிசையா வரும். "சார், ஒரு லட்சத்துக்குள்ள எந்த கேமரா வாங்கலாம்? நோ காஸ்ட் ஈஎம்ஐல போட்டா லாபமா?" நான் ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், ஈஎம்ஐ கணக்கைத்தான் முதல்ல கேட்பேன்னு எதிர்பார்ப்பாங்க. நான் கேட்கிறது வேற: "வாங்கின பிறகு வீட்டுல அதை எங்க வைப்பீங்க?"

பெரும்பாலும் வர்ற பதில், "பேக்லயே போட்டு பீரோவுல வச்சுடுவேன் சார்."

அப்படின்னா இப்போதைக்கு வாங்காதீங்கன்னு சொல்லிடுவேன். கேட்கிறவங்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஆனா என் கருத்து இதுதான்: ஒரு பொருளை வாங்கத் தகுதி இருக்கா இல்லையான்னு ஈஎம்ஐ கட்ட முடியுமாங்கிறதை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. அதைப் பராமரிக்க மாசம் அரை மணி நேரம் ஒதுக்க முடியுமாங்கிறதும் தகுதியில சேர்த்திதான். ஏன்னு கணக்கோடவே சொல்றேன்.

வாங்குற விலை வேற, வச்சிருக்குற செலவு வேற

ஒரு கேமரா பாடியும் லென்ஸும் சேர்த்து 72,000 ரூபாய்னு வச்சுக்குவோம். 24 மாசம், மாசம் 3,000 ரூபாய். 'நோ காஸ்ட்'னு பேர் இருந்தாலும் பேங்க் வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டி அளவுக்கு விலையில முன்னாடியே கழிச்சுக் காட்டுவாங்க, அவ்வளவுதான். வட்டி மேல வர்ற 18% ஜிஎஸ்டியும், ப்ராசஸிங் ஃபீஸ் இருந்தா அதுவும் நம்ம தலையில. இது ஏற்கனவே நம்ம வீடியோக்கள்ல பேசினதுதான், அதனால இங்க விட்டுடுறேன்.

இதே கேமராவை ரெண்டு பேர் வாங்குறாங்க. ரெண்டு பேரும் 4 வருஷம் கழிச்சு விக்கிறாங்க. கீழே உள்ள எண்கள் கணக்குப் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டவை. உங்க மாடலுக்கு ஏத்த மாதிரி மாத்திப் போட்டுப் பாருங்க.

முதல் ஆள்: ஆரம்பத்துல பராமரிப்பு சாமான் 3,000 ரூபாய். அப்புறம் வருஷத்துக்கு 1,000 வீதம் 4,000. மொத்தம் 7,000. சுத்தமான கண்டிஷன்ல 36,000-க்கு விக்கிறார். அவருக்கு ஆன நிகர செலவு 72,000 + 7,000 – 36,000 = 43,000 ரூபாய்.

ரெண்டாவது ஆள்: பராமரிப்புக்கு ஒரு ரூபாய் கூட செலவு பண்ணல. நடுவுல லென்ஸ்ல ஃபங்கஸ் வந்து, கழட்டி சுத்தம் பண்ண 6,000 ஆச்சு. தடம் முழுசா போகல. விக்கும்போது 18,000 தான் கிடைக்குது. நிகர செலவு 72,000 + 6,000 – 18,000 = 60,000 ரூபாய்.

வித்தியாசம் 17,000 ரூபாய். செலவே பண்ணாத ஆளுக்குத்தான் அதிக செலவு. முதல் ஆளுக்கு அந்த கேமரா மாசம் சுமார் 900 ரூபாய்க்கு உழைச்சிருக்கு. ரெண்டாவது ஆளுக்கு 1,250 ரூபாய். 7,000 போட்டு 24,000 ரூபாய் நஷ்டத்தைத் தவிர்க்கிற வாய்ப்பு எந்த மியூச்சுவல் ஃபண்டு விளம்பரத்துலயும் வராது. அதனாலயே இதை யாரும் முதலீடுன்னு நினைக்கிறதில்ல.

நம்ம ஊர் காத்துதான் முதல் எதிரி

ஊறுகாய் ஜாடியில பூசணம் எப்படிப் பூக்குதோ, அப்படித்தான் லென்ஸ்லயும். ஈரம், இருட்டு, காத்தோட்டமில்லாத இடம் இந்த மூணும் சேர்ந்தா போதும். ஃபங்கஸ் விதைகள் காத்துல எப்பவும் இருக்கும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள் கணக்குல நீடிச்சா, கண்ணாடி மேல இருக்கிற தூசி, கைரேகை எண்ணெய் இதையெல்லாம் சாப்பிட்டு வளர ஆரம்பிக்கும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரியும். அது வெளியிடுற அமிலம் லென்ஸ் மேல இருக்கிற கோட்டிங்கை அரிக்கும். அரிச்ச பிறகு பூஞ்சையைத் துடைச்சு எடுத்தாலும் தடம் போகாது.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்கள்ல 70 சதவீதம் ரொம்ப சாதாரணம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழைக் காலத்துல சொல்லவே வேண்டாம். இந்த நேரத்துல ஃபோம் வச்ச கேமரா பேக் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். அதை மூடி பீரோவுக்குள்ள வச்சா, பூஞ்சைக்கு நாமளே வாடகை இல்லாம வீடு கொடுத்த மாதிரி.

இங்கதான் பணக் கணக்கு வருது. வாரண்டி இருக்கேன்னு நினைப்பீங்க. வாரண்டிங்கிறது தயாரிப்புக் குறைக்குத்தான். ஃபங்கஸ், தண்ணி, மணல் இதெல்லாம் பொதுவா அதுல வராது. இன்சூரன்ஸ் எடுத்திருக்கேன்னு சொல்வீங்க. பாலிசியில 'விலக்குகள்' பக்கத்தை எடுத்துப் படிங்க. திருட்டு, விபத்து மாதிரி திடீர்னு நடக்கிற இழப்புக்குத்தான் இன்சூரன்ஸ். தேய்மானம், மெதுவாக் கெட்டுப் போறது, பூசணம் இதையெல்லாம் வழக்கமா விலக்கி வச்சிருப்பாங்க. ஆக, இந்த ஒரு ஆபத்தை மட்டும் நீங்க யார் தலையிலயும் தள்ளிவிட முடியாது. தடுக்கிறது மட்டும்தான் வழி.

24 மாச கடன்ல வாங்கின லென்ஸுக்கு முதல் மழைக்காலத்துலயே பூஞ்சை வந்தா, மிச்ச மாசமெல்லாம் கெட்டுப் போன பொருளுக்கு ஈஎம்ஐ கட்டிக்கிட்டு இருப்பீங்க.

ஒரு மாச ஈஎம்ஐயில முடியுற செட்டப்

தேவையான சாமான் இவ்வளவுதான்:

– ரப்பர் விளிம்போட காத்து புகாம மூடுற பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு
– அரை கிலோவுல இருந்து ஒரு கிலோ வரைக்கும் சிலிகா ஜெல், நிறம் மாறுற வகை
– டப்பாவுக்குள்ள வைக்க ஈரப்பதம் காட்டுற சின்ன டிஜிட்டல் மீட்டர்
– ரப்பர் ஏர் ப்ளோயர்
– ரெண்டு மூணு மைக்ரோஃபைபர் துணி
– லென்ஸ் பிரஷ், லென்ஸ் கிளீனிங் லிக்விட், லென்ஸ் டிஷ்யூ

எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள்ள முடிச்சுடலாம். மேல சொன்ன கணக்குல அது ஒரு மாச ஈஎம்ஐ.

மீட்டர்ல 40 முதல் 50 சதவீதம் காட்டினா சரியான நிலை. 60-ஐத் தாண்டினா சிலிகா ஜெல் களைச்சுப் போச்சுன்னு அர்த்தம். 30-க்குக் கீழேயும் போக விடாதீங்க, ரொம்ப வறண்டாலும் ரப்பர் பாகங்களுக்கும் உள்ளே இருக்கிற மசகுக்கும் நல்லதில்ல. நீல ஜெல் ஈரம் குடிச்சா ரோஸ் நிறமாகும், ஆரஞ்சு ஜெல் பச்சையாகும். அவன்ல 110 – 120 டிகிரியில ஒண்ணு ரெண்டு மணி நேரம் சூடு பண்ணினா பழைய நிறத்துக்கு வரும், மறுபடி பயன்படுத்தலாம். நீல ஜெல்லுல இருக்கிற கோபால்ட் க்ளோரைடு உடம்புக்கு ஆகாதது. அதனால எந்த நிறமா இருந்தாலும் சமையல் பாத்திரத்துல போட்டு வறுக்காதீங்க, இதுக்குன்னு ஒரு பழைய தட்டு ஒதுக்கிடுங்க. குழந்தைங்க கைக்கும் எட்டக் கூடாது.

சிக்கனம்னு நினைச்சு சில பேர் பண்ற மூணு விஷயம் வேண்டவே வேண்டாம். அரிசி டப்பாவுக்குள்ள கேமரா வைக்கிறது: அரிசித் தூசியும் மாவும் எல்லா இடுக்குலயும் போய் உட்காரும். பாச்சை உருண்டை போடுறது: அதோட ஆவி லென்ஸ்ல படியும், பிளாஸ்டிக்கையும் பாதிக்கலாம். பீரோவுல தொங்க விடுற, தண்ணி சேர்ற ஈர உறிஞ்சி பாக்கெட்: அந்தத் தண்ணி கால்சியம் க்ளோரைடு கரைசல், கேமரா மேல சிந்தினா உலோகத்தை அரிச்சிடும்.

எலக்ட்ரானிக் டிரை கேபினட் வாங்கலாமான்னு கேட்பீங்க. ஒரு பாடி, ரெண்டு லென்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு டப்பாவே போதும். லென்ஸுங்களோட மதிப்பு மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டினா, இல்லன்னா ஜெல்லை சூடு பண்ற வேலையை நீங்க நிச்சயமா மறந்துடுவீங்கன்னா, கேபினட் நியாயமான செலவு.

இதெல்லாம் விட மலிவான வழி ஒண்ணு இருக்கு. கேமராவை அடிக்கடி வெளியே எடுத்து போட்டோ எடுங்க. வெளிச்சமும் காத்தும் படுற லென்ஸ்ல பூஞ்சை சுலபமா வளராது. வருஷத்துக்கு ரெண்டு தடவை மட்டும் எடுக்கிற கேமராதான் அதிகமா கெட்டுப் போகுது.

சுத்தம் பண்ற வரிசை: காத்து, பிரஷ், துணி, கடைசியா ஈரம்

இந்த வரிசையை மாத்தாதீங்க. லென்ஸ் மேல மணல் துகள் இருக்கும்போது துணியால தேய்ச்சா, அது உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிற மாதிரி. முதல்ல லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடிச்சு ப்ளோயரால ஊதுங்க. போகாததை பிரஷ்ஷால மெதுவாத் தட்டி விடுங்க. அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால நடுவுல இருந்து வெளிப் பக்கமா வட்டமாத் துடைங்க. கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் மிச்சம் இருந்தா டிஷ்யூவுல ஒரு சொட்டு லிக்விட் விட்டுத் துடைங்க. லென்ஸ் மேல நேரா சொட்டு விட்டா, விளிம்பு வழியா உள்ளே இறங்கிடும்.

வாயால ஊதாதீங்க, எச்சில் துளி போய் ஒட்டும். டி-ஷர்ட் ஓரம், வேட்டி நுனி, கைக்குட்டை எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டருக்கு அடிக்கிற ஸ்ப்ரே காத்து டப்பாவும் வேண்டாம், அதுல இருந்து ரசாயனத் திரவம் சீறி வரும். மைக்ரோஃபைபர் துணியைத் தனியா அலசுங்க. துணியை மென்மையாக்குற லிக்விட் போட்டா, அந்தப் பிசுபிசுப்பு லென்ஸ்ல வந்து உட்காரும்.

அதே நேரம், முன் கண்ணாடியில நாலு தூசி இருக்குன்னு தினமும் துடைக்காதீங்க. அது படத்துல தெரியவே தெரியாது. சென்சார் பக்கம் இருக்கிற பின் கண்ணாடியில விழுற கைரேகைதான் படத்தை மங்கலாக்கும். அதனால லென்ஸைக் கழட்டின உடனே ரெண்டு மூடியும் போடுற பழக்கம் நூறு தடவை துடைக்கிறதை விட மேல்.

கல்யாண மண்டபத்துல ஏசி ஹாலுக்குள்ள இருந்து ஊர்வலம் எடுக்க வெளியே ஓடினா, லென்ஸ் முழுக்க வேர்த்துப் போகும். கண்ணாடி போட்டவங்களுக்குத் தெரியும் இந்தக் கதை. வெளியே போறதுக்கு முன்னாடி கேமராவை ஜிப் கவருக்குள்ள போட்டு மூடி, வெளிச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் அரை மணி நேரம் விட்டா, ஈரம் கவர் மேல படியும், கேமராவுல படியாது. பீச்சுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே, லேசா நனைச்சுப் பிழிஞ்ச துணியால பாடியைத் துடைச்சு, உடனே உலர்ந்த துணியால துடைச்சு வைங்க. உப்பு காத்திருக்காது.

பேட்டரியையும் மறந்துடாதீங்க. ஒரு மாசத்துக்கு மேல எடுக்கப் போறதில்லைன்னா, பாதி சார்ஜோட கழட்டித் தனியா வைங்க. உப்பின பேட்டரியைக் காசு மிச்சம்னு பயன்படுத்தாதீங்க, அது தீ விபத்துக்கு வழி.

கை வைக்கக் கூடாத இடம்

எல்லாத்தையும் நாமே பண்ணி மிச்சம் பிடிக்கணும்னு சொல்ற ஆள் நான் இல்ல. 'நானே பண்றேன்'ங்கிறதுக்கு நான் வச்சிருக்கிற விதி சிம்பிள்: கூலி எவ்வளவு, கை தவறினா நஷ்டம் எவ்வளவு?

லென்ஸ் வெளிக் கண்ணாடி, பாடி, பேட்டரி முனை, டிரைபாட் இதையெல்லாம் தாராளமா நீங்களே பண்ணலாம். சென்சார் வேற விஷயம். முதல்ல தூசி இருக்கான்னு பாருங்க. எஃப் 16 அல்லது 22 வச்சு, ஃபோகஸ் இல்லாம, ஒரு வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுத்து (சூரியன் ஃப்ரேமுக்குள்ள வேண்டாம்), பெருசு பண்ணிப் பாருங்க. கருப்புப் புள்ளி எல்லா படத்துலயும் ஒரே இடத்துல இருந்தா அது சென்சார் தூசி. மெனுவுல இருக்கிற சென்சார் கிளீனிங்கை ஓட்டிப் பாருங்க. அப்பவும் இருந்தா கேமராவைக் கவிழ்த்துப் பிடிச்சு ப்ளோயரால ஊதுங்க, ப்ளோயர் நுனி உள்ளே போகாம. டிஎஸ்எல்ஆர்னா முழு பேட்டரி போட்டு, மெனுவுல மிரரை மேலே தூக்குற ஆப்ஷன்ல வச்சுத்தான் இதைச் செய்யணும்.

அதுக்கு மேல ஈர ஸ்வாப் போட்டுத் துடைக்கிற வேலையை சர்வீஸ் சென்டர்கிட்ட விட்டுடுங்க. கூலி சில ஆயிரத்துக்குள்ள முடியும். சென்சாரைக் கீறிட்டா அதை மாத்துற செலவு கிட்டத்தட்ட பழைய கேமரா ஒண்ணு வாங்குற விலைக்கே வந்துடும். லென்ஸைக் கழட்டி உள்ளே சுத்தம் பண்றதும் அப்படித்தான். வாரண்டி இருக்கும்போது வெளி ஆள்கிட்ட திறக்கக் கொடுத்தா வாரண்டியும் போயிடலாம்.

'அப்கிரேட்' ஆசைக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை

17,000 ரூபாய் வித்தியாசத்துக்கா சார் இவ்வளவு பேச்சுன்னு கேட்கலாம். எனக்கு நிஜமா பயமா இருக்கிறது அந்த 17,000 இல்ல.

"படம் முன்ன மாதிரி ஷார்ப்பா வரல. ஆட்டோஃபோகஸ் தடுமாறுது. ஸ்க்ரீன்ல லென்ஸ் எரர்னு வருது. பழசாயிடுச்சு, மாத்திடலாம்." இப்படி யோசிச்சு, ஒண்ணரை லட்சத்துக்கு அடுத்த ஈஎம்ஐ போடுறவங்களைப் பார்க்கிறேன். மங்கலான படத்துக்குக் காரணம் பின் கண்ணாடியில ஒரு கைரேகையா இருக்கலாம். எரருக்குக் காரணம் லென்ஸும் பாடியும் சேர்ற இடத்துல இருக்கிற தங்க நிற முனைகள்ல படிஞ்ச அழுக்கா இருக்கலாம். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால அந்த முனைகளைத் துடைச்சா பல நேரம் சரியாயிடும். பென்சில் ரப்பர் வச்சுத் தேய்க்காதீங்க, அந்தத் தூள் உள்ளே விழும். 

அதனால என்னோட வேண்டுகோள்: புது கேமராவை கார்ட்ல போடுறதுக்கு முன்னாடி, பழைய கேமராவை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசா சுத்தம் பண்ணுங்க. ரெண்டு வாரம் அதுலயே எடுங்க. அதுக்கப்புறமும் குறை தெரிஞ்சா, உங்களுக்கு நிஜமாவே அப்கிரேட் தேவை, நிம்மதியா வாங்குங்க. பழசையும் நல்ல விலைக்கு விக்கலாம். செகண்ட் ஹேண்ட் வாங்க வர்றவர் முதல்ல பண்றது போன் டார்ச்சை லென்ஸுக்குள்ள அடிச்சுப் பார்க்கிறதுதான். பேரம் அங்கேயே பாதி முடிஞ்சிடும்.

டாக்ஸ்ல ஏதாவது கிடைக்குமா?

இதைக் கேட்காம விட மாட்டீங்கன்னு தெரியும். பொழுதுபோக்குக்கு வச்சிருக்கிற கேமராவோட செலவை சம்பள வருமானத்துல கழிக்க முடியாது. அதே நேரம், சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த கேமராவை வித்து வர்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரியும் கிடையாது.

வார இறுதியில கல்யாண ஷூட் பண்ணி சம்பாதிச்சு, அதைத் தொழில் வருமானமாக் காட்டுறீங்கன்னா கதை வேற. சுத்தம் பண்ற சாமான், சர்வீஸ் கூலி இதெல்லாம் அந்த வருஷத்துச் செலவு. கேமரா, லென்ஸ், டிரை கேபினட் மூலதனச் செலவு, வருஷத்துக்கு 15% தேய்மானம். வாங்கின வருஷத்துல 180 நாளுக்குக் குறைவாப் பயன்படுத்தினா அதுல பாதி. வீட்டு உபயோகத்துக்கும் அதையே எடுக்கிறீங்கன்னா, தொழில் பங்கை மட்டும் போடணும். வருமானத்துல இவ்வளவு சதவீதம் லாபம்னு காட்டுற பிரிசம்ப்டிவ் முறையில போறவங்க இந்தச் செலவுகளைத் தனியாக் கழிக்க முடியாது. எதுவா இருந்தாலும் பில்லைப் பத்திரமா வைங்க, சிலிகா ஜெல் பில்லையும் சேர்த்து.

யாருக்கு கேமரா வேண்டாம்?

மாசத்துல ஒரு அரை மணி நேரம் ஒதுக்க முடியாது, வருஷத்துக்கு ஒரு ட்ரிப்புக்குத்தான் எடுப்பேன்னு சொல்றவங்க வாடகைக்கு எடுங்க. நாள் வாடகை கொடுத்து, வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துட்டா, பூஞ்சை கவலை கடைக்காரருக்குத்தான். அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. பயன்படாத பொருளை ஈஎம்ஐல வாங்கி பீரோவுல வைக்கிறதை விட அது புத்திசாலித்தனம்.

வாங்கியே தீருவேன்னு முடிவு பண்ணினவங்க, ஆர்டர் போடும்போது டப்பா, சிலிகா ஜெல், மீட்டர், ப்ளோயர் நாலையும் அதே கார்ட்ல சேர்த்துடுங்க. பட்ஜெட் அதுக்கு இடம் கொடுக்கலைன்னா, அந்த மாடல் உங்க பட்ஜெட்டுக்கு ஒரு படி மேல இருக்குன்னு அர்த்தம். ஒரு படி இறங்கி வாங்குங்க.

ஏற்கனவே கேமரா வச்சிருக்கிறவங்களுக்கு இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை. பீரோவைத் திறந்து, லென்ஸை வெளியே எடுத்து, போன் டார்ச்சை ஒரு பக்கமா அடிச்சு உள்ளே பாருங்க. சுத்தமா இருந்தா நாளைக்கே டப்பா வாங்கிடுங்க. இழை மாதிரி ஏதாவது தெரிஞ்சா, அந்த லென்ஸை மத்ததுல இருந்து பிரிச்சு வச்சுட்டு, இந்த வாரமே சர்வீஸுக்குக் கொடுங்க. கோட்டிங் அரிக்கிறதுக்கு முன்னாடி கொடுத்தா காப்பாத்த வாய்ப்பு அதிகம். தள்ளிப் போடப் போட, செலவு கூடிக்கிட்டே போகும்.